குடிமராமத்து

குடிமராமத்து என்பது ஏரி, கண்மாய், குளம், வாய்க்கால் முதலிய பாசன அமைப்புகளை அவற்றின் நீரைப் பயன்படுத்தும் மக்களே கூடிச் செப்பனிட்டுப் பராமரிக்கும் வழக்கம் ஆகும். தமிழ்நாட்டிலும் பழைய சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலும் இவ்வழக்கம் நிலவியது. 19ஆம் நூற்றாண்டில் இது சட்டத்திலும் இடம்பெற்றது. 2017இல் தமிழ்நாடு அரசு இதே பெயரில் ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் பணிச்செலவின் பெரும்பகுதியை அரசு வழங்க, 10 விழுக்காட்டை விவசாயிகள் சங்கங்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அளித்தன. ஆகவே இச்சொல் இன்று பழைய ஊர்வழக்கத்தையும் அண்மைக்கால அரசுத் திட்டத்தையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது ஆண்டுதோறும் செய்யவேண்டிய கடமை. பின்னது நிதி ஒதுக்கப்பட்ட ஆண்டில் செய்யப்பட்ட பணி.

சொற்பொருள்

குடி என்னும் தமிழ்ச் சொல் ஊர் மக்களையும் உழவரையும் குறிக்கும். மராமத்து என்பது பழுதுபார்த்தல் என்னும் பொருள் கொண்ட அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பொதுப்பணித் துறையை மராமத்து இலாகா என்று அழைக்கும் வழக்கமும் முன்பு இருந்தது. எனவே குடிமராமத்து என்பதற்கு "குடிகள் செய்யும் பழுதுபார்ப்பு" என்று பொருள் கொள்ளலாம். அரசு தன் செலவில் செய்யும் பெரிய பழுதுபார்ப்பிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டவே இச்சொல் பயன்பட்டது.

ஏரியின் உறுப்புகள்

குடிமராமத்தின் தேவையை அறிய ஏரியின் அமைப்பை அறிதல் வேண்டும். ஏரி என்பது சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கும் அமைப்பு ஆகும். இதன் முதன்மை உறுப்புகள்:

- வரத்துக்கால்: நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ மேல் ஏரியிலிருந்தோ நீரைக் கொண்டுவரும் கால்வாய்.
- கரை: நீரைத் தடுத்து நிறுத்தும் மண் அணை.
- உள்வாய்: நீர் தேங்கி நிற்கும் பரப்பு.
- மதகு: பாசனத்திற்கு நீரைத் திறந்துவிடும் வாயில். தூம்பு, மடை எனவும் வழங்கும்.
- கலங்கல்: கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வெளியேறும் கட்டுமானம்.
- ஆயக்கட்டு: ஏரி நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு. அந்நிலத்தின் உடைமையாளர்கள் ஆயக்கட்டுதாரர்கள் எனப்படுவர்.

இவ்வுறுப்புகள் அனைத்தும் சிறிது சிறிதாகவே பழுதடைகின்றன. மழை கரையில் அரிப்பை உண்டாக்குகிறது. எலி, நண்டு முதலியவை கரையில் வளை தோண்டுகின்றன. வரத்துக்காலில் மண் படிந்து புதர் மண்டுகிறது. ஒரு கூடை மண்ணால் அடைக்கத்தக்க அரிப்பு கவனிக்கப்படாவிட்டால் சில ஆண்டுகளில் கரை உடைப்பாக மாறும். ஆகவே ஏரிப் பராமரிப்பில் செலவின் அளவைக் காட்டிலும் காலந்தவறாமையே முக்கியமானது.

அரிப்புகளை நிரப்புதல், கரையில் முளைத்த செடிகளை அகற்றுதல், கால்வாய்களில் படிந்த மண்ணை எடுத்தல், மதகின் சிறு பழுதுகளைச் சரிசெய்தல், மழைக்காலத்தில் கரையைக் காவல் காத்தல் ஆகியன மரபாகக் குடிமராமத்துப் பணிகளாகக் கருதப்பட்டன. கரை உடைப்பை அடைத்தல், கல், செங்கல் கட்டுமானங்களைப் புதுப்பித்தல் முதலிய பெரும்பணிகள் அரசின் பொறுப்பாக இருந்தன.

வரலாறு

ஏரி வாரியமும் மானிய நிலங்களும்

சோழர் காலத்தில் ஊர்ச் சபைகள் ஏரிகளை நிருவகித்தமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்றாகும்.

பிற்காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கென வரி நீக்கப்பட்ட மானிய நிலங்களும் விளைச்சலில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடும் பணியாளர்கள் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு பெயர்களில் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கும் விளைச்சலிலிருந்தே ஊதியம் அளக்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு சாகீர்ப் பகுதியில் பர்னார்டு என்னும் பொறியாளர் நடத்திய கணக்கெடுப்பு, ஊர் விளைச்சலிலிருந்து ஏரி உள்ளிட்ட பொதுப் பணிகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளது. அதாவது ஏரியைக் காப்பதற்கான நிதி ஊருக்குள்ளேயே, ஏரி தந்த விளைச்சலிலிருந்தே கிடைத்தது.

இம்முறையை முழுச் சமத்துவம் உடையதாகக் கருத இயலாது. நிலவுடைமை உடையோரே முடிவெடுத்தனர். மண் சுமக்கும் உழைப்பு பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர் மீதே விழுந்தது.

குடியேற்றவாத ஆட்சிக்காலம்

கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியில் நிலவரி நேரடியாக அரசுக்குச் சென்றது. ஊர்ப் பொதுப் பங்குகளும் மானியங்களும் குறைந்தன. ஏரிகளின் சீர்கேடு குறித்து 1852இல் சென்னை மாகாணப் பொதுப்பணி ஆணையத்தின் அறிக்கை வெளியானது.

1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இது குடிமராமத்துச் சட்டம் எனவும் அறியப்படுகிறது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து ஏற்படும்போது உடல் வலுவுள்ளோரை வேலைக்கு அழைக்க இச்சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. ஊர் வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவரிடமிருந்து அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு தொகையை வசூலிக்கவும் இதில் இடமிருந்தது. எனினும் வழக்கம் இன்னதென்று ஒவ்வோர் ஊரிலும் நிறுவ வேண்டியிருந்ததால் இப்பிரிவு அரிதாகவே நடைமுறைப்படுத்தப்பட்டது. வழக்கத்தைத் தாங்கி நின்ற மானியமும் விளைச்சல் பங்கும் சுருங்கிய பின்னர், தண்டனையால் மட்டும் அவ்வழக்கத்தைக் காக்க இயலவில்லை.

1876-78 பெரும் பஞ்சத்திற்குப் பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்கீழ் ஏரிகள் அளக்கப்பட்டு, கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் தரநிலை அளவுகள் குறிக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்

1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி சமீன் ஏரிகளும் அரசின் பொறுப்பில் வந்தன. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளைப் பொதுப்பணித் துறையும் (பின்னர் நீர்வளத் துறை), அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் பராமரிக்கின்றன. முன்னவற்றின் எண்ணிக்கை சுமார் 14,000 ஆகும்.

1960களில் ஏரிகளால் பாசனம் பெற்ற பரப்பு சுமார் 9 லட்சம் எக்டேராக இருந்தது. பின்னர் இது வெகுவாகக் குறைந்தது. ஆழ்துளைக் கிணறுகளும் மின் இறைப்பிகளும் பரவியமை இதற்கு ஒரு காரணமாகும். சொந்தக் கிணறு உள்ள உழவருக்கு ஏரி மதகு பழுதடைவது உடனடி இழப்பாக இருப்பதில்லை. ஆயினும் அக்கிணற்றில் ஊறும் நீர் பல இடங்களில் ஏரி நிரம்புவதைச் சார்ந்தே உள்ளது.

1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் ஏரி நவீனப்படுத்தும் திட்டம் நடைபெற்றது. 1990களில் மதுரையை மையமாகக் கொண்டு தானம் அறக்கட்டளையின் ஏரித் திட்டம் உருவாகி, வயலகம் என்னும் பெயரில் உழவர் அமைப்புகளை ஏற்படுத்தியது. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான தமிழ்நாடு சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டமே நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அடிப்படையாகும்.

2017 குடிமராமத்துத் திட்டம்

தொடக்கம்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஏரிகள் வறண்டிருந்தமையால் பணிகளைச் செய்வதற்கு ஏற்ற காலமாகவும் அது அமைந்தது. 2017 மார்ச்சு 13 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

நடைமுறை

வழக்கமான அரசுப் பணிகளில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு ஒப்பந்தக்காரரிடம் பணி ஒப்படைக்கப்படும். இத்திட்டத்தில் ஒப்பந்தப்புள்ளி இன்றி, நியமன முறையில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. சங்கம் இல்லாத ஏரிகளில் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் அமைத்துப் பதிவு செய்து பணியை ஏற்றனர். துறைப் பொறியாளர்கள் மதிப்பீடு தயாரித்து, பணியை மேற்பார்வையிட்டு, அளந்து, அதற்கேற்பத் தொகையை விடுவித்தனர்.

கரையைப் பலப்படுத்துதல், மதகுகளையும் கலங்கல்களையும் சீரமைத்தல் அல்லது மீளக் கட்டுதல், வரத்துக்கால்களைத் தூர்வாருதல், சீமைக் கருவேல மரங்களை அகற்றுதல், அடைப்புப் பலகைகளைப் பழுதுபார்த்தல் ஆகியன முதன்மைப் பணிகளாகும்.

ஆண்டுவாரியான பணிகளும் நிதியும்

- 2016-17: 30 மாவட்டங்களில் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய்
- 2017-18: 1,511 பணிகள், சுமார் 330 கோடி ரூபாய்
- 2019-20: 1,829 பணிகள், சுமார் 500 கோடி ரூபாய்
- 2020-21: 1,387 பணிகள், சுமார் 500 கோடி ரூபாய்

இவ்வெண்களிலிருந்து ஒரு பணியின் சராசரி மதிப்பைக் கணக்கிடலாம். முதற்கட்டத்தில் அது 7 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. 2020-21இல் சுமார் 36 லட்சம் ரூபாய். பணியின் அளவு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியதால் 10 விழுக்காட்டுப் பங்களிப்பும் சராசரியாக 3.6 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. சிறு உழவர்கள் மண்வெட்டியுடன் வந்து நிறைவேற்றக்கூடிய அளவை இது கடந்துவிட்டது. பொக்லைன் இயந்திரமும் அதற்கு முன்பணம் செலவிடக் கூடியவரும் தேவைப்பட்டனர்.

நீர்வளத் துறையின் ஏரிகளைத் தவிர, ஊராட்சி ஒன்றியங்களின் கீழுள்ள 5,000 சிறுபாசன ஏரிகளையும் 25,000 குளங்கள், ஊருணிகளையும் 1,250 கோடி ரூபாயில் சீரமைக்கும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது.

வண்டல் மண்

ஏரிகளில் படிந்த வண்டல் மண்ணை உழவர்கள் தம் வயல்களுக்கு இலவசமாக எடுத்துச் செல்ல 2017இல் அரசு அனுமதித்தது. வண்டல் வயலுக்கு எருவாகிறது. அதே வேளையில் ஏரியின் கொள்ளளவும் கூடுகிறது. இவ்வகையில் அரசுச் செலவின்றி நடைபெறும் தூர்வாரல் இதுவே. 2024இல் இதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்வண்ணம் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

ஏரி முழுவதையும் அரசு நிதியால் மட்டும் தூர்வாருவது ஏன் கடினம் என்பதை எளிய கணக்கால் அறியலாம். 40 எக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தால் அதன் அளவு 1,20,000 கன மீட்டர் ஆகும். 6 கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரியில் இதனை அகற்ற 20,000 நடைகள் தேவை. கன மீட்டருக்கு 50 ரூபாய் எனக் குறைவாக வைத்துக் கணக்கிட்டாலும் செலவு 60 லட்சம் ரூபாய் ஆகிறது. எனவே மானிய நிதியில் பெரும்பாலும் கரையும் மதகும் வரத்துக்காலும் முதலிடம் பெறுகின்றன.

பயன்கள்

மதகும் கலங்கலும் சரியான நிலையில் இருந்தால் ஏரியில் தேங்கும் நீர் வீணாகாமல் கடைமடை வயல் வரை செல்கிறது. வரத்துக்கால் தூர்வாரப்பட்ட ஏரி குறைந்த மழையிலும் நீரைப் பெறுகிறது. ஏரி நிரம்புவதால் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டம் உயர்கிறது. இவற்றுடன், செயலற்றிருந்த ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் கூடிப் பேசவும் கணக்கு எழுதவும் இத்திட்டம் வாய்ப்பளித்தது.

விமர்சனங்கள்

- சில இடங்களில் பணியைப் பெறுவதற்காகவே சங்கங்கள் பதிவு செய்யப்பட்டன என்றும், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே பணியைச் செய்தனர் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன.
- ஒப்பந்தப்புள்ளி இல்லாத நியமன முறையில் போட்டி இல்லை. எனவே சங்க உறுப்பினர்கள் கணக்கைக் கேட்பதே முதன்மையான கட்டுப்பாடாக அமைகிறது. உறுப்பினர்கள் செயல்படாத சங்கத்தில் அக்கட்டுப்பாடும் இல்லை.
- ஆயக்கட்டில் நிலம் உள்ளோரே சங்கத்தில் இடம்பெறுகின்றனர். ஏரியில் மீன்பிடிப்போர், கால்நடை மேய்ப்போர், நிலமற்ற கூலித் தொழிலாளர்கள் ஆகியோரும் ஏரியைச் சார்ந்தவர்களே. அவர்களுக்கு முடிவெடுப்பதில் இடமில்லை.
- பணி முடிந்த பின் ஆண்டுதோறும் பராமரிக்கத் தொடர்நிதி ஏற்பாடு இல்லை. மழை ஒன்றிரண்டு பருவங்களிலேயே புதிய அரிப்புகளை உண்டாக்கிவிடும். பழைய முறையில் மானிய நிலமும் விளைச்சல் பங்கும் ஆற்றிய பணியை ஒருமுறை வழங்கும் மானியத்தால் ஆற்ற இயலவில்லை.

இவற்றுள் இறுதியானதே அடிப்படையானது. மானியத்தால் உடைந்த மதகைக் கட்ட இயலும். அடுத்த ஐப்பசியில் மழையில் நின்று அம்மதகைக் கவனிப்பவர் யார் என்பதை மானியத்தால் முடிவு செய்ய இயலாது.

2021க்குப் பின்

2021 ஆட்சி மாற்றத்திற்குப் பின் இப்பெயரில் புதிய கட்டம் தொடங்கப்படவில்லை. காவிரிப் படுகையில் மேட்டூர் அணை திறப்புக்கு முன் ஆண்டுதோறும் சிறப்புத் தூர்வாரும் பணிகள் தனி நிதியில் மேற்கொள்ளப்பட்டன. 1997-98இல் தொடங்கப்பட்டிருந்த நமக்கு நாமே திட்டம் 2021இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இதில் பொதுவாகப் பணி மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்களோ நிறுவனங்களோ செலுத்த, எஞ்சியதை அரசு வழங்குகிறது. நீர்நிலைச் சீரமைப்பு மட்டுமன்றி, பள்ளிக் கட்டடம், பூங்கா, சாலை முதலிய சமூகப் பணிகளுக்கும் இது பொருந்தும். ஆயக்கட்டில் நிலம் இருக்கவேண்டும் என்னும் தேவை இதில் இல்லை.

நகர்ப்புற ஏரிகளும் மாத்தூரும்

குடிமராமத்துத் திட்டம் ஆயக்கட்டுதாரர்களை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே வயல்கள் வீட்டுமனைகளாக மாறிய இடங்களில் அது பொருந்துவதில்லை. வடசென்னையில் மணலியை அடுத்துள்ள மாத்தூர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். இது திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சியாக இருந்து, 2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டு மணலி மண்டலத்தில் சேர்ந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அமைந்த பின் இப்பகுதி தொழில்வட்டாரமாக வளர்ந்தது. மாத்தூரில் எம். எம். டி. ஏ. குடியிருப்பும் உருவானது.

இத்தகைய ஊர்களில் ஏரி அழியாமல் எஞ்சினாலும் அதன் நீரைப் பாய்ச்ச வயல் இல்லை. மதகைக் காக்கும் தேவையுடைய உழவரும் இல்லை. அதனால் ஏரி பயனற்றதாகிவிடவில்லை. மழைக்காலத்தில் தெருக்களில் புகக்கூடிய நீரைத் தாங்குவதும், கடலுக்கு அருகிலுள்ள இப்பகுதியில் நன்னீரை நிலத்துள் இறக்கி உவர்நீர் ஊடுருவலைத் தடுக்க உதவுவதும் அதன் புதிய பணிகளாகும். பயன் பெறுவோர் முன்பை விடப் பலராயினும், அவர்கள் ஆயக்கட்டுதாரரைப் போல் பட்டியலிடப்பட்டவர் அல்லர். குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு ஏரியின் மீது சட்டப்படியான பொறுப்பும் இல்லை. எனவே நகர்ப்புற ஏரிகளின் சீரமைப்பு மாநகராட்சி நிதி, அரசுத் திட்டங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, தன்னார்வ அமைப்புகளின் உழைப்பு ஆகியவற்றைச் சார்ந்துள்ளது.

நகர்ப்புறத்தில் வரத்துக்காலைத் தூர்வாருவது மட்டும் போதாது. அதில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்காவிட்டால், நன்கு தூர்வாரப்பட்ட கால்வாய் கழிவுநீரையே விரைவாக ஏரிக்குக் கொண்டுசேர்க்கும்.

பிற இடங்களில்

தெலங்காணாவில் 2015இல் தொடங்கப்பட்ட காகதீயத் திட்டம் 46,000க்கும் மேற்பட்ட ஏரிகளைச் சீரமைக்கும் நோக்கம் கொண்டது. அங்கு பணிகள் ஒப்பந்தப்புள்ளி வழி வழங்கப்பட்டன. வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்வது உழவரின் பங்காக இருந்தது.

இலங்கையில் குளங்களைப் பராமரிக்கப் பயன்பட்ட இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் பல குளங்கள் கவனிப்பாரின்றிப் போயின. 1856இல் நெற்காணிப் பாசனச் சட்டம் ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலுவளித்தது. சென்னைச் சட்டத்திற்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது இது. கட்டாயத்தை நீக்கும்போது அது ஆற்றிவந்த பணியை யார் ஏற்பது என்னும் கேள்வி இரு நாடுகளிலும் ஒரே காலத்தில் எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- ஏரி
- உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்
- நமக்கு நாமே திட்டம்
- கொற்றலை ஆறு
- மணலி